மூளைத்தண்டில் எந்த இடம் எதைச் சுரக்கிறது? படித்தது நிற்கவில்லை, அப்பாவைப் பற்றியும் ஒரு சந்தேகம்

மலையோரப் பிள்ளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பேச்சிப்பாறைக்குப் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு. மூளைத்தண்டில் உள்ள நியூக்ளியஸ்கள், அவை உண்டாக்கும் நரம்புக்கடத்திகள் (நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வேதிப்பொருள்கள்) என்ற பகுதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் குழப்பம் பெயரில்தான். பள்ளிக்கூடத்தில் நியூக்ளியஸ் என்றால் செல்லுக்குள் இருக்கும் உட்கரு. இங்கே ரேஃபே நியூக்ளியஸ், வேகஸ் நியூக்ளியஸ் என்று வருகிறது. ஒரு உட்கரு எப்படி மூளை முழுவதற்கும் செரட்டோனின் அனுப்பும்? வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தது. அடுத்தது, டோபமின் எங்கே, நார்அட்ரினலின் எங்கே என்று ராத்திரி எழுதிப் பார்த்தால் சரியாக வருகிறது, காலையில் பார்த்தால் இடம் மாறிக் கிடக்கிறது. டோபமினிலிருந்துதான் நார்அட்ரினலின் உண்டாகிறது என்றும் பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் டோபமின் செல்லில் ஏன் நார்அட்ரினலின் வருவதில்லை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக ரப்பர் பால்வெட்டு. ராத்திரி எட்டரைக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு போவார். இரண்டு வருடமாகத் தூக்கத்தில் சத்தம் போடுகிறார், காலை உதைக்கிறார். போன மாதம் சுவரில் ஓங்கிக் குத்தி விரல் முட்டி தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. எழுப்பிக் கேட்டால் காட்டுப்பன்றி விரட்டிக்கொண்டு வந்தது, அடித்தேன் என்கிறார். அம்மாவுக்குத் தோளில் அடி பட்டிருக்கிறது. பகலில் அவர் யாரையும் அதட்டிக்கூடப் பேசமாட்டார்.

நேற்று ராத்திரி படிக்கும்போது, கனவு காணும் தூக்கத்தில் உடம்புத் தசைகள் தளர்ந்து கிடக்கும், அதற்கான ஏற்பாடு மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் இருக்கிறது என்ற வரியைப் பார்த்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அப்பாவுக்கு அந்த இடத்தில் ஏதாவது கோளாறா? யாராவது சொல்லுங்கள்.

சுங்கான்கடை ஹாஸ்டல் எழுதியது:

ரொம்ப யோசிக்காதே தங்கச்சி. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றால் டோபமின், லோகஸ் செருலியஸ் என்றால் நார்அட்ரினலின், ரேஃபே என்றால் செரட்டோனின், மெய்னர்ட் நியூக்ளியஸ் என்றால் அசிட்டைல்கோலின். நாலையும் பத்து தடவை எழுதிப் பார். இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். அப்பாவுக்கு வேலைக் களைப்பாக இருக்கும். எங்கள் தாத்தாவும் தூக்கத்தில் பேசுவார்.

பழைய அனாட்டமி டீச்சர் எழுதியது:

மக்களே, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தக்கலையில் இருக்கிறேன். ஒரு மருத்துவக் கல்லூரி அனாட்டமி துறையில் 26 வருடம் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். பாடத்தைப் புரிந்துகொண்டால் அதுவும் உனக்கே விளங்கும்.

நியூக்ளியஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். செல்லுக்குள் இருப்பது ஒன்று. மூளைக்குள் நியூக்ளியஸ் என்றால், ஒரே வேலைக்காக ஒரே இடத்தில் கூடியிருக்கும் நரம்புச் செல்களின் கூட்டம். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பருப்பு, கொட்டை என்று அர்த்தம். இது கூச்சப்படுகிற கேள்வியே இல்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இதில் இடறுவார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

இனி பட்டியலை மூடி வை. மூளைத்தண்டு உன் கட்டைவிரலைப் போல ஒன்று என்று நினைத்துக்கொள். மேலே நடுமூளை, நடுவில் புடைத்துத் தெரிவது பான்ஸ், கீழே முகுளம். முகுளத்துக்குக் கீழே தண்டுவடம். டிசெக்‌ஷன் ஹாலில் நாங்கள் அதை நீளமான கத்தியால் வாழைக்காய் நறுக்குகிற மாதிரி குறுக்கே வில்லை வில்லையாக வெட்டித் தட்டில் அடுக்குவோம். ஃபார்மலினில் கிடந்த மூளை பழுப்பு கலந்த வெள்ளை நிறத்தில் இருக்கும். நடுமூளை வில்லையை எடுத்தால் இரண்டு பக்கமும் மை தீட்டிய புருவம் போலக் கறுப்பாக ஒரு கோடு தெரியும். சாயம் எதுவும் போட வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். அதுதான் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. பெயருக்கே கறுப்புப் பொருள் என்றுதான் அர்த்தம். பிறந்த குழந்தையின் மூளையில் இந்தக் கறுப்பு இருக்காது. வயது ஏற ஏறத்தான் நியூரோமெலனின் என்ற நிறமி அந்தச் செல்களில் சேரும்.

அடுத்து பான்ஸின் மேல்பகுதி வில்லையை எடு. பின்பக்கம், நான்காம் வெண்ட்ரிக்கிள் என்ற மூளைநீர்க் குழியின் தரையை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாகக் கடுகு அளவில் கருநீலப் புள்ளி தெரியும். லோகஸ் செருலியஸ், அதாவது நீல இடம். நிறத்துக்குக் காரணம் அதே நிறமிதான், மேலே மூடியிருக்கும் மெல்லிய படலம் வழியாகப் பார்க்கும்போது நீலமாகத் தெரிகிறது. மேலும் கீழுமாக அது ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குச்சி போலப் போகும். மனிதனுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அதில் ஏறத்தாழ 50,000 செல்கள். மூளை முழுவதிலும் நரம்புச் செல்கள் 8,600 கோடி என்று கணக்கு. அந்த 50,000 செல்களின் கிளைகள்தான் பெருமூளைப் புறணி, சிறுமூளை, தண்டுவடம் என்று எல்லா இடத்துக்கும் நார்அட்ரினலின் கொண்டுபோகின்றன. எத்தனை பேட்சுக்கு அந்தப் புள்ளியைக் காட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஊசி முனையால் தொட்டுக் காட்டும்போது என் கை தானாக மெதுவாகிவிடும்.

ரேஃபே அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தையல் என்று பொருள். சட்டையில் இரண்டு துணி சேரும் இடத்தில் தையல் ஓடுகிற மாதிரி, நடுமூளையிலிருந்து முகுளம் வரை மூளைத்தண்டின் நடுக்கோட்டிலேயே செல்கள் வரிசையாக இருக்கும். செரட்டோனின் அங்கேதான். மேல் பகுதி ரேஃபே மூளைக்கு மேல்நோக்கி அனுப்பும். கீழ்ப்பகுதி தண்டுவடத்துக்கு இறங்கி, வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது, மூளையில் இருப்பது கொஞ்சம். குடலில் இருப்பது ரத்தத்தின் வழியாக மூளைக்குள் நுழைய முடியாது. அதனால் மூளைக்குத் தேவையானதை ரேஃபே அங்கேயே செய்துகொள்கிறது.

இந்த இடங்களை முதலில் வரைபடமாக்கியவர்கள் சுவீடனைச் சேர்ந்த டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸே என்ற இருவர். 1964இல் எலி மூளையை உலர்த்தி ஃபார்மால்டிஹைடு ஆவி காட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டோபமின், நார்அட்ரினலின் உள்ள செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன, செரட்டோனின் உள்ளவை மஞ்சளாக. பச்சைக்கு ஏ, மஞ்சளுக்கு பி என்று எண் போட்டுக்கொண்டே போனார்கள். உன் புத்தகத்தில் ஏ6 என்று வந்தால் லோகஸ் செருலியஸ், ஏ9 என்றால் சப்ஸ்டான்ஷியா நைக்ரா, ஏ10 என்றால் பக்கத்திலேயே இருக்கும் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதி. அதுவும் டோபமின்தான். ஆனால் ஏ9 அசைவுக்கு, ஏ10 ஆசைக்கும் ஊக்கத்துக்கும்.

இப்போது உன் மூன்றாவது கேள்வி. இது நல்ல கேள்வி. ரப்பர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழியிலேயே சொல்கிறேன். பாலை டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விட்டால் உறையும். உறைந்ததை மெஷினில் போட்டால் ஷீட். ஷீட்டைப் புகைப்புரையில் தொங்கவிட்டால் புகைத்த ஷீட். எல்லா வீட்டிலும் தொடக்கம் அதே பால்தான். மெஷின் இருந்து புகைப்புரை இல்லாத வீடு பச்சை ஷீட்டோடு நிறுத்திக்கொள்ளும். செல்லிலும் இதேதான் நடக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலம் எல்-டோபாவாகி, டோபமினாகி, நார்அட்ரினலினாகி, அட்ரினலினாகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. சப்ஸ்டான்ஷியா நைக்ரா செல்லில் டோபமின் பீட்டா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி கிடையாது, அதனால் டோபமினோடு நிற்கும். லோகஸ் செருலியஸில் அது உண்டு, ஒரு படி கூடப் போகும். முகுளத்தில் சில செல்களுக்கு அதற்கடுத்த நொதியும் உண்டு, அவை அட்ரினலின் வரை செய்யும். செரட்டோனின் இந்த வரிசையிலேயே இல்லை. அது டிரிப்டோஃபான் என்ற வேறு அமினோ அமிலத்திலிருந்து வருகிறது.

சுங்கான்கடை ஹாஸ்டலுக்கு ஒரு திருத்தம். மெய்னர்ட் நியூக்ளியஸ் அசிட்டைல்கோலின் தருவது சரி, ஆனால் அது மூளைத்தண்டில் இல்லை, முன்மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. மூளைத்தண்டில் அசிட்டைல்கோலின் எங்கே என்று கேட்டால் நடுமூளையும் பான்ஸும் சேரும் இடத்தில் உள்ள பெடங்குலோபான்டைன், லேட்டரோடார்சல் டெக்மென்டல் என்ற இரண்டையும் எழுது. முகத்துக்கும் நாக்குக்கும் கண்ணுக்கும் போகும் மண்டை நரம்புகளின் இயக்க நியூக்ளியஸ்களும் அசிட்டைல்கோலின்தான். ஹிஸ்டமின் செல்கள் ஹைப்போதலாமஸில், அதையும் மூளைத்தண்டில் சேர்த்துவிடாதே. சப்ஸ்டான்ஷியா நைக்ரா முழுக்க டோபமின் என்றும் எழுதாதே. அதில் காம்பாக்டா என்ற பகுதிதான் டோபமின், ரெட்டிகுலேட்டா என்ற பகுதி காபா, அதாவது அடக்கி வைக்கும் நரம்புக்கடத்தி. தேர்வில் பிள்ளைகளுக்கு மார்க் போவது இங்கேதான்.

சரி, அப்பா.

விழித்திருக்கும்போது லோகஸ் செருலியஸ் நன்றாக வேலை செய்யும். ஆழ்ந்த தூக்கத்தில் குறையும். கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய மௌனமாகிவிடும். ரேஃபேயும் அப்படியே. அந்த நேரத்தில் அசிட்டைல்கோலின் செல்கள் எழுந்துகொள்ளும். அப்புறம், நீல இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு செல்கூட்டம் இருக்கிறது. அது குளூட்டமேட் என்ற தூண்டும் நரம்புக்கடத்தி வழியாக முகுளத்திலும் தண்டுவடத்திலும் உள்ள தடைச் செல்களைத் தூண்டும். அந்தத் தடைச் செல்கள் கிளைசினையும் காபாவையும் விட்டு, தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அடக்கி வைக்கும். அதனால்தான் கனவில் ஓடினாலும் நம் கால் பாயில் அசையாமல் கிடக்கிறது. பிரான்சில் மிஷேல் ஜூவே, பூனைகளின் பான்ஸில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். தூங்கிக்கொண்டே அந்தப் பூனைகள் எழுந்து, இல்லாத எலியைப் பிடிக்கிற மாதிரி பாய்ந்தன. மனிதர்களுக்கு இப்படி வருவதை 1986இல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாகப் பதிவு செய்தார்கள். கனவுத் தூக்க நடத்தைக் கோளாறு என்று தமிழில் சொல்லலாம்.

நீ சொல்வதைப் பார்த்தால் அந்த மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியது நரம்பியல் டாக்டர். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற கோளாறிலும் ஆட்கள் கையைக் காலை உதறுவார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றாலும் இது வரும். அதனால் பயப்படுவதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல். அப்பாவுக்கு மணம் தெரிகிறதா? மலம் ஒழுங்காகப் போகிறதா? கை வேலையில் ஏதாவது மாற்றம் உண்டா? படுக்கிற இடத்தில் பால்வெட்டுக் கத்தி இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் வை. கட்டிலை விட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல். அம்மா கொஞ்ச நாள் தள்ளிப் படுக்கட்டும்.

மலையோரப் பிள்ளை எழுதியது:

டீச்சர், ரொம்ப நன்றி. புகைப்புரை சொன்னீர்களே, அதற்குப் பிறகு மறக்கவே இல்லை. ஹாஸ்டலில் மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

கத்தி அவர் தலைமாட்டில்தான் ஆணியில் தொங்கும். காலையில் இருட்டில் தேடக்கூடாது என்று அங்கே மாட்டியிருக்கிறார். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், அடுக்களைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

மணம் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒட்டுப்பால் சாக்கில் கட்டிக் கிடக்கும். மழை பெய்தால் அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடுவார். பழகிப்போச்சு என்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சென்ற ஓணத்துக்கு அம்மா பாயசத்தை அடிபிடிக்க விட்டுவிட்டார்கள், வீடே கருகல் மணம், அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவுக்குத் தெரியவில்லை. ஆனால் பால் உறையாமல் இருக்க விடுகிற அமோனியா கேனைத் திறந்தால் மட்டும் முகத்தைத் திருப்புகிறார். அப்படியென்றால் மணம் தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

மலம் மூன்று நாளைக்கு ஒரு தடவை. ராத்திரி இரண்டு மட்டிப்பழம் சாப்பிடுவார், பலன் இல்லை. இது நாலைந்து வருடமாக.

கை வேலை என்று நீங்கள் கேட்டதும்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பா வெட்டுகிற தோட்டத்தின் முதலாளி இந்த வருடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார், மரத்தில் காயம் விழுகிறது என்று. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், தடி வரைக்கும் கத்தி போய்விடக் கூடாது. போனால் அந்த இடம் முண்டு முண்டாக வளரும், அடுத்த தடவை அங்கே வெட்ட முடியாது. முப்பது வருடத்தில் அப்பா வெட்டிய மரத்தில் காயம் என்று யாரும் சொன்னதில்லை. அவர் கத்தி சரியில்லை என்று புதுக் கத்தி வாங்கினார். கை நடுக்கம் எதுவும் இல்லை டீச்சர்.

பழைய அனாட்டமி டீச்சர் எழுதியது:

அமோனியா பற்றி நீ கவனித்தது முக்கியம். அமோனியாவில் மூக்கு எரிவது பெரும்பாலும் மணம் இல்லை, எரிச்சல். அதை எடுத்துப் போவது ஐந்தாம் மண்டை நரம்பு, அதன் நியூக்ளியஸ்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. மணத்தை எடுத்துப் போவது முதல் மண்டை நரம்பு, அது மூளைத்தண்டுக்கே வராமல் நேரே முன்மூளைக்குப் போய்விடும். ஆகையால் மணம் முழுக்கப் போனவருக்கும் அமோனியா உறைக்கும். அமோனியாவை வைத்து அப்பாவுக்கு மணம் தெரிகிறது என்று முடிவு கட்டாதே. கருகின பாயசம்தான் சரியான சோதனை.

இப்போது சொல்லப் போவதை நிதானமாகப் படி. 2003இல் ஹைகோ பிராக் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளரும் உடன் வேலை செய்தவர்களும், கை கால் அசைவைக் கெடுக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து ஒன்று சொன்னார்கள். கேடு சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் மூக்கோடு சேர்ந்த மணக்குமிழிலும், முகுளத்தில் உள்ள வேகஸ் நரம்பின் நியூக்ளியஸிலும் தொடங்குகிறது. பிறகு பான்ஸுக்கு ஏறுகிறது. அதற்குப் பிறகுதான் நடுமூளையின் கறுப்புக் கோட்டுக்கு வருகிறது. எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தாது, ஆனால் பலருக்குப் பொருந்துகிறது. வேகஸ் குடலை அசைக்கும் நரம்பு, அங்கே கெட்டால் மலச்சிக்கல். பான்ஸில் கெட்டால் கனவில் கை ஓங்கும். கறுப்புக் கோட்டில் செல்கள் பாதி அளவு அழிந்த பிறகுதான் கை கால் மந்தமாவது வெளியே தெரியும். நீ மனப்பாடம் செய்ய முடியாமல் தவித்த அதே படம்தான், கீழேயிருந்து மேலே.

நடுக்கம் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சிலருக்கு நடுக்கமே வராது, வேலை மெதுவாகும், நுணுக்கம் போகும். தினமும் ஒரே அளவில் பட்டை சீவும் ஆளின் கத்தி ஆழம் தவறுகிறது என்றால் அதை நான் கத்தி மேல் போடமாட்டேன். கனவுத் தூக்கக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பத்துப் பதினைந்து வருடங்களில் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த வேறு நோயோ வருகிறது என்பது உண்மைதான். அதை உன்னிடம் மறைத்தால் நான் டீச்சர் இல்லை. ஆனால் இதெல்லாம் சேர்ந்து இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டது நல்லதுக்கே. தூக்கத்தில் அடிபடுவதைத் தடுக்க மருந்து இருக்கிறது. மலச்சிக்கலுக்கு இருக்கிறது. அசைவுக்கு மருந்து இருக்கிறது. தேர்வு முடிகிற வரை காத்திருக்காமல் அப்பாவை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போ. இங்கே எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடு, மரத்தில் விழுந்த காயம் உட்பட. டாக்டரிடம் உட்கார்ந்தால் அப்பா ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்.

குளச்சல் கடற்கரை எழுதியது:

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மாமனார் ஆழ்கடலுக்குப் போனவர். ஆறு வருடமாகப் பார்க்கின்சன். நான்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பது. நீ நர்ஸ் ஆகப் போகிற பிள்ளை, அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று சாப்பாடு. மாமாவுக்கு லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை. காலையில் போட்டால் அரை மணி நேரத்தில் எழுந்து நடந்து வாசலுக்குப் போவார். மதியம் அதே மாத்திரை போட்டால் மூன்று மணி வரை கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். மாத்திரை கெட்டுப்போனது என்று கடையில் போய்ச் சண்டை போட்டேன். பிறகு டாக்டர்தான் மதியம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். எங்கள் வீட்டில் மதியம் மீன் இல்லாமல் சோறு இல்லை. லெவோடோபா உடம்புக்குள் போகிற வாசல் வழியாகத்தான் மீன், பருப்பு, முட்டையில் உள்ள அமினோ அமிலங்களும் போகுமாம். கூட்டம் சேர்ந்தால் மருந்து பின்னால் நிற்கும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னால் மாத்திரை என்று மாற்றினார். மீனை நிறுத்தவில்லை. இப்போது மதியமும் எழுந்து நடக்கிறார்.

இரண்டாவது, இதைக் கண்டிப்பாக நினைவில் வை. ஒரு நாள் வயிறு சரியில்லாமல் நாலு தடவை வாந்தி எடுத்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பார்க்கின்சன் என்று சொன்னோம். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். அன்று ராத்திரியே தாடை இறுகி, கட்டிலில் புரளக்கூட முடியாமல் ஆகிவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. பழைய நிலைக்கு வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நான் அவர் பக்கத்தில் கரண்டியால் தண்ணீர் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்ட சிஸ்டர் சின்னப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். அவளிடம் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

பழைய அனாட்டமி டீச்சர் எழுதியது:

குளச்சல் அம்மா சொன்னதற்கு மூளைத்தண்டிலேயே விளக்கம் இருக்கிறது. முகுளத்தின் பின்பக்கத்தில் ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு சின்ன இடம். ரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்த்து வாந்தியைக் கிளப்பும் இடம். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அந்த இடத்தில் இறுக்கமாக இருக்காது, அங்கே டோபமின் வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு. லெவோடோபாவை, அதாவது நாம் பார்த்த எல்-டோபாவை, தனியாகக் கொடுத்தால் மூளைக்குப் போகும் முன்பே வெளியில் பெரும்பகுதி டோபமினாக மாறிவிடும், அந்த டோபமின் ஏரியா போஸ்ட்ரீமாவைத் தொட்டுக் குமட்டும். கார்பிடோபா வெளியில் நடக்கும் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. தடுப்பைத் தாண்டி உள்ளே போகாததால் மூளைக்குள் நடக்கும் மாற்றத்தைத் தொடாது. மெட்டோகுளோபிரமைடு டோபமின் ஏற்பிகளை அடைத்து வாந்தியை நிறுத்தும் மருந்து, ஆனால் அது மூளைக்குள்ளும் போய்விடும். ஏற்கெனவே டோபமின் குறைந்த ஆளுக்கு மிச்சம் இருந்ததும் பயன்படாமல் போகும். மக்களே, வார்டில் பார்க்கின்சன் நோயாளி வாந்தி எடுத்து, அந்த ஊசி எழுதி வந்தால், போடும் முன் டாக்டரிடம் ஒரு தடவை கேள். கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

தோவாளை மூலிகைத்தோட்டம் எழுதியது:

பூனைக்காலி விதையில் இதே எல்-டோபா இருக்கிறது. எங்கள் பக்கம் வேலியோரத்தில் படர்ந்து கிடக்கிறது. பாலில் வேகவைத்துப் பொடி செய்து அப்பாவுக்கு இப்போதே கொடுக்கத் தொடங்கலாமே? இயற்கையானது, கெடுதல் இல்லை.

பழைய அனாட்டமி டீச்சர் எழுதியது:

பூனைக்காலியில் எல்-டோபா இருப்பது உண்மை, நம் வைத்தியர்கள் அதை மதித்தது வீண் இல்லை. சர்ப்பகந்தியையும் இப்படித்தான் ரத்தக்கொதிப்புக்கும் மனக்கோளாறுக்கும் கொடுத்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் நரம்பு முனைகளில் டோபமினையும் செரட்டோனினையும் சேமிக்க விடாது. 1957இல் அர்விட் கார்ல்சன் ரிசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா கொடுத்து எழுந்து ஓட வைத்தார். பார்க்கின்சன் மருந்தின் தொடக்கமே அந்தச் சோதனையில்தான் இருக்கிறது. 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆக மூலிகையில் சரக்கு இருக்கிறது. சரக்கு இருப்பதால்தான் கவனம் வேண்டும். ஒரு விதையில் எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். அளவு கூடினால் குமட்டல், ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல், மனக்குழப்பம் எல்லாம் வரும். அப்பா அதிகாலை இருட்டில் சரிவில் நடக்கிற ஆள். அதோடு டாக்டர் பார்க்கும் முன்பே கொடுத்தால் உண்மையான நிலை அவருக்குத் தெரியாமல் போகும். முதலில் டாக்டர், பிறகு எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டு.

மலையோரப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். தாளில் எழுதிக் கொண்டுபோனதை முழுவதும் படித்தார். மரத்தில் விழுந்த காயம் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தி, பட்டை சீவுவது எப்படி என்று அப்பாவைச் செய்துகாட்டச் சொன்னார். பேனாவைக் கத்தியாகப் பிடித்து அப்பா மேசை விளிம்பில் காட்டினார். முதல் நாலு இழுப்பு நன்றாக இருந்தது. அப்புறம் இழுப்பு சின்னதாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு நாள் நான் அதைக் கவனித்ததே இல்லை. நடக்கச் சொன்னார். வலது கை இடது கை அளவுக்கு வீசவில்லை. கண்ணை மூடச் சொல்லிக் காப்பித்தூள் டப்பாவை மூக்கருகில் பிடித்தார். அப்பா, ‘எதுவும் வச்சிருக்கீங்களா சார்?’ என்று கேட்டார்.

இப்போதே பெயர் வைக்க வேண்டாம், ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றார். ராத்திரி போட மெலட்டோனின் கொடுத்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், வருகிற 14ஆம் தேதி. பூனைக்காலி பற்றியும் கேட்டேன், இப்போது வேண்டாம் என்றார். சளிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்பா தரையில்தான் படுக்கிறார். மெலட்டோனின் தொடங்கி ஒரு வாரத்தில் சத்தம் இரண்டு நாள் மட்டும்தான் கேட்டது என்று அம்மா சொன்னார்கள். வெட்டுக்கு இப்போது என் மாமா போகிறார். அப்பா பின்னால் பால் எடுக்கப் போகிறார், ஆனால் மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

தேர்வில் லோகஸ் செருலியஸ் ஐந்து மார்க்குக்கு வந்தது. இடத்தை வரைந்து, நான்காம் வெண்ட்ரிக்கிளைக் குறித்து, டைரோசினிலிருந்து நாலு படியும் எழுதினேன். ரெட்டிகுலேட்டா காபா என்பதையும் இரண்டு மார்க் கேள்வியில் எழுத முடிந்தது. டீச்சர், தூக்கப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அந்தத் தாளில் என்ன பார்க்க வேண்டும் என்று அப்போது சொல்லித் தாருங்கள்.